இழையும் அதன் இனமும்

அமெரிக்காவின் இதாகா நகரில், கார்னெல் சர்வகலாசாலையில், ராபர்ட் ஹாலி என்ற ரசாயன விஞ்ஞானி 140 கிலோகிராம் ஈஸ்டைக் கரைத்தும் வடித்தும் பிரித்தும், முடிவில் ஒரே ஒரு கிராம் பொருளைத் திரட்டி, அதன் எழுத்துவரிசையை 1965-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அலனைன் என்னும் அமினோ அமிலத்தைப் புரதம் உருவாகும் இடத்துக்குச் சுமந்து செல்லும் ஆர்.என்.ஏ. அது, ஏ, யு, ஜி, சி என்ற நான்கு எழுத்துக்களாலும் அவற்றின் சில திரிபுகளாலும் ஆன, 77 எழுத்து நீளமுள்ளதென அவர் அறிவித்த ஒற்றை இழை.

வரிசை தெரிந்தது, வடிவம் தெரியவில்லை. ஏ-யும் யு-வும், ஜி-யும் சி-யும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் சுபாவமுடையவை. ஆகவே இழை தன்மீதே மடிந்து இணை சேரும் என்று அனுமானிக்க முடிந்ததே தவிர, பலவாறு மடியக்கூடிய ஓர் இழை எவ்வாறு மடிந்திருக்கிறது என்று நிச்சயிக்க முடியவில்லை. ஹாலியின் கட்டுரையிலேயே மூன்று சித்திரங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, அவரோடு உழைத்த எலிசபெத் கெல்லரும் ஜான் பென்ஸ்விக்கும் கண்ட மூவிலை வடிவம். மேனாட்டார் அதைக் குளோவர் இலை என்றனர், காம்போடு கூடிய வில்வதளம் என்று நாம் கொள்ளலாம். அதே தொழிலைச் செய்யும் பிற ஆர்.என்.ஏ.க்களின் வரிசைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தபோது, அவை யாவும் அந்த வில்வதளத்தில் அடங்கின; மற்ற இரு சித்திரங்களும் உதிர்ந்தன. 1974-இல் எக்ஸ்-கதிர் ஆராய்ச்சி, அத்தளம் தச்சனின் மூலைமட்டம்போல் வளைந்து நிற்பதையும் காட்டியது.

இதற்கிடையே வேறொரு மார்க்கமும் பிறந்திருந்தது. இணைகள் அடுக்கடுக்காய்ச் சேர்வது இழைக்கு உறுதி, இணையற்ற வளையங்கள் நஷ்டம் என்று வரவுசெலவு வைத்து, மிகுந்த லாபமுள்ள மடிப்பே மெய்யான மடிப்பு என்று கொள்ளும் முறையை 1971-இல் இக்னேஷியோ டினோகோவும் சகாக்களும் வகுத்தனர். எல்லா மடிப்புகளையும் எண்ணிப் பார்க்க ஆயுள் போதாது என்பதால், சிறு துண்டுகளின் சிறந்த மடிப்பைக் குறித்துக்கொண்டு அவற்றிலிருந்து பெரிய துண்டுகளுக்கு ஏறும் உபாயத்தை 1978-இல் ரூத் நுசினோவ் குழுவினர் காட்ட, 1981-இல் மைக்கேல் சூக்கரும் பாட்ரிக் ஸ்டீக்லரும் அதை அந்த வரவுசெலவுக் கணக்கோடு பிணைத்தனர். ஆயினும் இழை நீள நீள, ஏறக்குறையச் சமமான லாபமுள்ள மடிப்புகள் பெருகியமையால், குறுகிய இழைகளில் கைகொடுத்த கணக்கு நீண்டவற்றில் தடுமாறியது.

புரதம் உருவாகும் இடமாகிய ரிபோசோமில் உள்ள 1,542 எழுத்து கொண்ட ஆர்.என்.ஏ.யை எதிர்கொண்ட கார்ல் வோஸும் ஹாரி நாலரும், ஆதலால், ஹாலியின் காலத்துப் பாடத்துக்கே திரும்பினர். வெவ்வேறு உயிர்களிலிருந்து அதே இழையின் வரிசைகளை எடுத்து அருகருகே நிறுத்தினர். ஓர் உயிரில் ஜி-யும் சி-யுமாக இருந்த இரண்டு இடங்கள் இன்னொன்றில் ஏ-யும் யு-வுமாகச் சேர்ந்தே மாறியிருந்தால், அவ்விரண்டும் துணைகளென்று முடிவு கட்டினர். 2000-ஆம் ஆண்டில், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு ரிபோசோமின் சிறு பாகத்தைப் படிகமாக்கி அணு அணுவாகக் கண்டபோது, வருஷக்கணக்காய்த் திருத்தி வந்த அந்த அனுமானம் பரீட்சைக்கு வந்தது. ஊகித்த இணைகளில் சுமார் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு அங்கே மெய்யாகவே இருந்தன.

இன்று கணக்குவழியில் செல்வோரும், உறவிழைகள் கிடைக்குமாயின், அவற்றை வரிசையில் நிறுத்திக்கொண்டே கணக்கைத் தொடங்குகின்றனர். வெறும் கணக்கை மட்டும் நம்ப வேண்டிய கதி, இனம் தெரியாத இழைக்கே.