படம் வருகிறது, வரைந்தவர் பெயர் எங்கே?



ஆடிப்பூரம் வந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் நம் எல்லோர் செல்பேசியிலும் சாமி படங்கள் குவிகின்றன. பல படங்கள் மங்கலாக, கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. வரைந்தது யார் என்று கேட்டால் அனுப்பியவருக்கும் தெரியாது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நம் பக்கத்து ஊரான கோவில்பட்டியில் வாழ்ந்தவர் ஓவியர் கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகன், லட்சுமி, மீனாட்சி கல்யாணம் போன்ற படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகி ஊரெங்கும் போயின. நம் பூஜை அறைகளில் இன்றும் அவை இருக்கலாம். அச்சான படத்தின் கீழ் ஓரத்தில் ஓவியரின் பெயர் சிறிதாக இருக்கும். அதற்கும் கீழே ஜவுளிக்கடையின் பெயர் பெரிதாக இருக்கும்.

இனி கணினிக்கு வருவோம். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-இல் ஒரு கணித முறையை வெளியிட்டார்கள். 1992-இல் வந்த ஜேபெக் என்னும் படச்சுருக்க முறைக்கு அதுவே அடிப்படை. படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் புலப்படாத நுணுக்கங்களை அது விட்டுவிடுகிறது. வட்டிக் கணக்கில் பைசாவைத் தள்ளி முழு ரூபாயாக எழுதுவோமே, அதைப் போன்றதுதான். ஒருமுறை தள்ளினால் நஷ்டம் தெரியாது. சுருக்கியதையே மறுபடி மறுபடி சுருக்கினால்தான் தெரியும்.

வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் அளவிலும் குறைந்து, மேலும் சுருக்கப்பட்டுத்தான் போய்ச் சேருகிறது. அதை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப, இன்னொருவர் ஓரத்தை வெட்டி "காலை வணக்கம்" என்று எழுதி அனுப்புகிறார். சாமியின் முகம் பெரிது, அதனால் தப்பித்துக்கொள்கிறது. ஓரத்திலுள்ள பெயர் பொடி எழுத்து, அதுதான் முதலில் அழிகிறது. எந்தக் கேமராவில், என்று எடுத்தது என்று படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் குறிப்பும் வழியில் போய்விடுகிறது.

கையெழுத்து இல்லாத காசோலையை எந்த வங்கிக் கவுண்டரிலும் ஏற்பதில்லை. படத்தை மட்டும் பெயர் இல்லாமலே வாங்கிக் கொள்கிறோம். அன்று கொண்டையராஜுவுக்கு நேர்ந்தது, இன்று டேப்லெட்டில் வரைந்து இணையத்தில் போடும் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் நேர்கிறது. அவர்களுக்கு அந்தப் பெயர்தான் முகவரி. அடுத்த வேலையும் அதைப் பார்த்துத்தான் வரும்.

ஆகவே சில வேண்டுகோள்கள். நல்ல படங்களை 'டாகுமெண்ட்' ஆக அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது. மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வரைந்தவர் பெயர் தெரிந்தால் படத்தின் கீழே தட்டச்சு செய்யுங்கள். எழுத்தாகப் போகும் பெயர் மங்காது.

பரணில் பழைய காலண்டர் இருந்தால் தூக்கிப் போடுமுன் அதன் கீழ் ஓரத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை பாருங்கள். பெயர் தெரிந்தால், முழுப்படத்தோடு அந்த ஓரத்தையும் தனியாக, நெருக்கமாகப் படம் எடுத்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பெயரோடு சேர்த்து வைப்போம்.