ஜயித்தவனுடைய செலவு

குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது குரோம் லெதர் கம்பெனி. பக்கத்துப் பல்லாவரத்திலும் தோல் பதனிட்டார்கள். அந்தக் காலத்தில் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பட்டணம் போனவர்களுக்கு ஸ்டேஷன் பெயரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, மூக்கு சொல்லிவிடும்.

இந்தத் தோலின்மேல் ஒரு வரி வழக்கு உண்டு. உள்ளூரில் பச்சைத் தோல் வாங்கிப் பதனிட்டால், பச்சைத் தோலின் விலைக்கு மட்டும் விற்பனை வரி. வெளி ராஜ்யத்தில் பதனிட்டு வந்ததானால் பதனிட்ட தோலின் முழு விலைக்கும் வரி. ரூபாய்க்கு 3 தம்பிடிதானே என்பீர்கள். நூறு ரூபாய்த் தோல் பதனிட்டபின் நூற்றைம்பது பெறுமானால், ஒருவர் நூற்றுக்குக் கட்ட, மற்றவர் நூற்றைம்பதுக்குக் கட்டினார்! மேதாப் மஜீத் கம்பெனியார் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1962 நவம்பரில் விதி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. சர்க்கார் சளைக்கவில்லை; 1963-ல், கடந்துபோன வருஷங்களுக்கும் சேர்த்து ஒரு புதுச் சட்டம் போட்டது. ஹாஜி அப்துல் ஷுக்கூர் கம்பெனியார் வழக்காடினார்கள். 1964-ல் அதுவும் விழுந்தது.

சரி, வரி போயிற்று. டில்லிக்கு நடந்த செலவு?

ராஜா செலவு கேட்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார் என்பது பழைய இங்கிலீஷ் சம்பிரதாயம். பெருந்தன்மை மாதிரி இருக்கிறது. ஆனால் ராஜாவின் வக்கீலுக்குப் பணம் கொடுத்தவர்களும் குடிகள்தாமே! 1855-ல் ஒரு சட்டம் வந்து, வரி வழக்குகளில் அந்த வழக்கத்தை மாற்றியது. நம் 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, தோற்றவர் செலவு தருவதைப் பொது விதியாக வைத்தது. மறுக்கிற நீதிபதி காரணம் எழுத வேண்டும். சர்க்காருக்கு விலக்கு இல்லை. இருந்தும், "அவரவர் செலவு அவரவருக்கு" என்று முடிகிற தீர்ப்புகள் ஏராளம். செலவு கிடைத்தாலும், விதிப்படியான வக்கீல் ஃபீஸ்தான் கணக்கில் ஏறும். வக்கீல் வாங்கிய ஃபீஸ் வேறு. சேலம் வக்கீல்கள் சங்கத்தின் வழக்கில், 2005-ல், ரயில் சார்ஜ், தங்கிய செலவு, இழந்த பொழுது எல்லாம் சேர்த்து நியாயமான உண்மைச் செலவைக் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டியிருந்தது.

வியாபாரிக்கு இன்னொரு வழி உண்டு. மதுரை மீனாட்சி மில் வழக்கில், தொழிலுக்காக வழக்காடிய செலவை, வழக்கு ஜயித்தாலும் தோற்றாலும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு வந்தது. தான் குடியிருக்கும் வீட்டின் வரி அதிகம் என்று கோர்ட்டுக்குப் போகிற தாம்பரத்துப் பென்ஷன்காரருக்கு அந்த வசதியும் இல்லை. அவர் வக்கீல் ஃபீஸையும் வரியையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கிறார். பேசாமல் வரியைக் கட்டிவிட்டு வருகிறார்.