கூட வந்தவர் பேசுகிறார்: கம்பம் பள்ளத்தாக்கில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான ஆலோசனையின் வரலாறு

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்கு ஒரு தலக்கதை உண்டு. பார்வை இழந்த பாண்டிய மன்னன் வீரபாண்டி முல்லையாற்றங்கரைக்கு வந்து அம்மனை வேண்டினான். ஒரு கண் திரும்பியது. கண்ணீஸ்வரமுடையாரை வேண்டினான்; இன்னொரு கண்ணும் திரும்பியது. சித்திரைத் திருவிழாவில் அக்கினிச் சட்டி ஏந்தி வரும் கூட்டத்துக்கு இந்தக் கதை மனப்பாடம். ஆனால் அதில் யாரும் பெரிதாகக் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அரசன் தானே வந்தான். தன் குறையைத் தானே சொன்னான். அவனுக்காகப் பேச மகனோ மருமகளோ கூட வரவில்லை.

அரசனாக இல்லாதவர்களுக்கு அப்படி நடப்பதில்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவானாலும், கோட்டாட்சியர் அலுவலகத்தின் விசாரணை அறையானாலும், முதியவரையோ மாற்றுத்திறனாளியையோ கூட்டி வந்தவரே பேசுகிறார். எதிரில் இருப்பவரும் அவரைப் பார்த்தே கேட்கிறார். இந்தியச் சூழலுக்கு ஏற்ற ஆலோசனை என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வந்ததன் மையத்தில் குடும்பம் இருந்தது. புறக்கணிப்பு பெரும்பாலும் தொடங்கும் இடமும் அதே குடும்பம்தான். இந்த முரண்பாட்டோடு தென்தமிழகம் எப்படி மல்லுக்கட்டியது என்பதே இங்கே எடுத்துக்கொண்ட பொருள். கம்பம் பள்ளத்தாக்கு அடங்கிய தேனி தனி மாவட்டமானது 1996-இல். ஆகவே தொடக்கக் கதை பழைய மதுரை மாவட்டத்தையும் அதற்கு அப்பாலும் தொட்டுத்தான் வரும்.

கிளினிக் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ஆலோசனை இல்லாமலில்லை. கோடாங்கியிடம் குறி கேட்பது, பள்ளிவாசலில் ஓதி ஊதித் தாயத்துக் கட்டுவது, குச்சனூர்ச் சனீஸ்வரனுக்கு ஆடிச் சனிக்கிழமைகளில் போய் வருவது எல்லாமே ஒருவகையில் ஆளை உட்காரவைத்து விசாரிக்கிற முறைகள். கம்பத்தில் கன்னடம் பேசும் காப்பிலியர், தெலுங்கு பேசும் நாயக்கர், ராவுத்தர், கள்ளர், மலையில் பளியர், முதுவர் என்று பல சமூகங்கள் வாழும் பள்ளத்தாக்கு இது. ஒவ்வொன்றுக்கும் தனித் தெய்வமும் தனிச் சொல்லும் உண்டு. ‘ஏழரைச் சனி’ என்ற விளக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது: கெட்ட காலத்துக்குக் கெடு இருக்கிறது, ஏழரை ஆண்டில் அது போய்விடும். பழி ஆள்மேல் விழுவதில்லை. ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்ற விளக்கம் நேர் எதிர். காது கேளாமல் பிறந்த பிள்ளையின் மீதும் தாயின் மீதும் அது ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே ஊரின் நம்பிக்கைகளே. பண்பாட்டை மதிக்கும் ஆலோசகர் இவற்றில் எதைத் தாங்கிப் பிடிப்பது, எதை மெல்லக் கழற்றுவது என்று பிரித்தறிய வேண்டும். பயிற்சி வகுப்புகளில் எளிதில் கிடைக்காத திறமை அது.

கோயில் சூழலில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய, கடும் மனநோய் கொண்ட 31 பேரைத் தொடர்ந்து கவனித்தனர். மாத்திரை கிடையாது, பேயோட்டுதல் கிடையாது. காலையில் சிறிது நேர வழிபாடு, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சில்லறை வேலைகள். சில வாரங்களில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மிரட்டாத, ஆதரவான சூழலே காரணமாக இருக்கலாம் என்பது அவர்களது கணிப்பு. 2002 ஜூலையில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதை வெளியிட்டது.

அந்தக் கட்டுரை அச்சேறுவதற்கு முந்தைய ஓராண்டுக்குள்தான் ஏர்வாடித் தீ விபத்து நடந்திருந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், தர்கா அருகே தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். சொந்தபந்தங்கள் கொண்டுவந்து விட்டுப் போனவர்கள் அவர்கள். வழிபாட்டுத் தலத்தின் நிழல் ஓரிடத்தில் ஆறுதலாகவும் இன்னோரிடத்தில் விலங்காகவும் இருந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்யும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல்தான் வந்தது.

மருத்துவமனைகளின் பக்கம் திரும்பினால், குடும்பத்தை உள்ளே அழைத்ததே இந்திய மனநல மருத்துவத்தின் பெருமைக்குரிய கண்டுபிடிப்பு. அமெரிக்காவில் கார்ல் ரோஜர்ஸ் 1942-இல் எழுதிய நூலில் ஆலோசகரும் ஒற்றை ஆளும் மூடிய அறையில் இருப்பார்கள். அறிவுரை சொல்லாமல் கேட்பதே முறை. இங்கோ, 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் புளோரன்ஸ் நிக்கோல்ஸ் 1957-இல் தொடங்கிய மனநல மையம் உறவினர் உடன் தங்குவதையே நடைமுறையாக்கியது. உறவினர்கள் சோறு பொங்கிக்கொண்டே நோயைப் பற்றித் தெரிந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். 1973-இல் மனநல மருத்துவர் ஜே.எஸ். நேகி, இங்குள்ளவர்கள் ஆலோசகரைச் சமமான தோழராக அல்ல, குருவாகவே எதிர்பார்க்கிறார்கள் என்று எழுதி, குரு–சீடர் உறவையே சிகிச்சைக்கான மாதிரியாக முன்வைத்தார். மாவட்ட மனநலத் திட்டம் 1990-களின் கடைசியில் திருச்சியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்குப் பரவியபோது, தேனிக்கும் வந்தது இந்தக் குடும்பம் சார்ந்த மரபுதான்.

மரபு நல்லதே. மகன் கெட்டவனாக இல்லாதவரை.

இதே காலத்தில் இன்னொரு வழி, கண் மருத்துவத்தின் கொல்லைப்புறமாக உருவாயிற்று. டாக்டர் கோ. வெங்கடசாமியின் விரல்கள் இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் கோணிப்போனவை. அந்தக் கைகளோடு கண் அறுவைச் சிகிச்சை பழகியவர், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வயதும் உடற்குறையும் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் காரணங்கள் என்றால் அவரை இரண்டு முறை அனுப்பியிருக்க வேண்டும். 1980-களின் நடுவில் தேனிக்கும் கிளை வந்தது.

முகாம் போட்டால் கூட்டம் வரும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் கண்புரை முற்றிப் பார்வை மங்கிய முதியவர்களில் பலர் வரவில்லை. வயசானால் கண் போகும், அதற்கென்ன செய்ய முடியும் என்பது வீட்டாரின் எண்ணம். தனக்காகப் பிள்ளைகள் செலவழிக்கவோ ஒருநாள் கூலியை விடவோ வேண்டாம் என்பது முதியவரின் கூச்சம். எது ஆளைக் கிளப்பும் என்று தென்னிந்தியக் கிராமங்களில் பல முறைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று, அரவிந்தின் ஆர்.டி. துளசிராஜும் பங்கேற்று 1991-இல் வெளியானது. சிகிச்சைச் செலவு மட்டுமின்றிப் போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்து ஏற்றுக்கொண்ட இடங்களில் ஆட்கள் வந்தார்கள். பிரசாரத்தில் எடுபட்டது எது என்றால், ஏற்கெனவே அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசியது. டாக்டரின் படமும் ஒலிபெருக்கியும் அதற்கு அப்புறம்தான். அந்த ஆள் ஆலோசகராகப் பயின்றவர் அல்ல. ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்று சொல்லும் தகுதி மட்டும் அவரிடம் இருந்தது. பிற்பாடு அரவிந்த், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளி ஆலோசகர் என்ற பணியையே ஏற்படுத்தியது.

தொழுநோய்ப் பணியின் அனுபவமும் இதையொட்டியதே. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். நிமிர்ந்த கைகளோடு ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க ஆளில்லை என்று தெரிந்த பிறகு, 1951-இல் தொழில் கற்றுத்தரும் ‘புதுவாழ்வு மையம்’ உருவானது. ஆண்டிபட்டியில் ஆரோக்கிய அகம் தொழுநோய், காசநோய், பின்னர் எச்.ஐ.வி. என்று ஊர் விலக்கிவைத்த நோய்களையே தேர்ந்தெடுத்து வேலை செய்தது. குணமானவருக்கும் பாகுபாடு தொடரும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள வெகுநாள் ஆயிற்று: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தொழுநோயிலிருந்து குணமடைந்தோரும் இடம்பெற்றுள்ளனர்.

முதுமையின் கதை இதைவிட இருண்டது. வயதைக் காட்டி ஒதுக்குவதற்கு அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969-இல் தனிப் பெயர் வைத்தபோது அவர் மனத்திலிருந்தது வேலையும் வீட்டுவசதியும். தென்மாவட்டங்களில் அந்த ஒதுக்கலின் கடைக்கோடியில் தலைக்கூத்தல் இருந்தது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, காய்ச்சலில் முடிக்கிற வழக்கம். 2010-இல் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த செய்திகள் இதை நாடறியச் செய்தன. மதுரை, தேனி வட்டாரங்களும் பேச்சில் அடிபட்டன. 2018-க்கான தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வான ‘பாரம்’ இதைத்தான் பேசியது. இந்த வழக்கத்தில் உறுத்துவது, அது ரகசியக் கொலையாக நடப்பதில்லை என்பது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். வந்து பார்ப்பார்கள். குடும்பமே கூடி எடுக்கும் முடிவு. முதியவரிடம் மட்டும் கேட்பதில்லை.

பண்பாட்டை மதிக்கும் ஆலோசனை என்ற கருத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது. குடும்பத்தின் ஒருமித்த குரலைப் பண்பாடு என்று எடுத்துக்கொண்டால் தலைக்கூத்தலுக்கும் தலையாட்ட வேண்டிவரும். பாட்டியின் பயம், தாத்தாவின் கோபம், ‘எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்’ என்ற ஆசை இவையும் அதே மண்ணில் விளைந்தவைதான். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏலத்தோட்ட வேலைக்காகக் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஜீப்பில் இடுக்கிக்குப் போய் இருட்டியபின் திரும்பும் மகளால், படுத்திருக்கும் அம்மாவைப் பகலில் யார் பார்ப்பது என்று கேட்காமல் இருக்க முடியாது. அந்தக் கேள்விக்குப் பதில் தராமல் அவளுக்கு நீதி சொல்லும் ஆலோசகரை அவள் மறுமுறை தேடி வர மாட்டாள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. தமிழ்நாட்டின் விதிகள் 2009-இல். இதன்படி தேனி மாவட்டத்தில் பெரியகுளம், உத்தமபாளையம் என்ற இரு கோட்டங்களின் கோட்டாட்சியர்களே தீர்ப்பாயத் தலைவர்கள். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம். வழக்கறிஞர் வைத்து வாதாடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. மனுவை முதலில் சமரச அலுவலருக்கு அனுப்பலாம்; அவர் ஒரு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும். சட்டத்தை எழுதியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லவில்லையே தவிர, அரசு செலவில் நடக்கும் குடும்ப ஆலோசனைதான் இது. சமரசம் என்றால் யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி இங்கேயும் எழுகிறது. வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டியவர் சாப்பாடு போடும் மருமகளின் முன்னால் எவ்வளவு பேசுவார்? முதலில் அவரைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். சின்ன நடைமுறைதான், அதைச் செய்கிற அலுவலரையும் செய்யாதவரையும் பொறுத்து முடிவே மாறிவிடும்.

நிலம் வேறு குறுக்கே நிற்கிறது. திராட்சைத் தோட்டமோ நஞ்சையோ செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த பிறகு கைவிடப்பட்டவர்களுக்குச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கைகொடுக்க வேண்டும். பராமரிப்பார்கள் என்ற நிபந்தனை இருந்தால்தான் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்று 2022-இல் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், முதியோர் நலனுக்கான இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று தாய்க்கே சொத்தைத் திருப்பித் தந்தது. பத்திரம் எழுதும் முன்னரே நிபந்தனை வரி ஒன்றைச் சேர்க்கச் சொல்லும் ஆலோசகர், பிற்பாடு பத்து அமர்வுகளில் ஆறுதல் சொல்பவரைவிட அதிகம் உதவியவர்.

மாற்றுத்திறனாளிகள் தரப்பில் பேச்சு தங்களுடையதே என்ற உரிமைகோரல் வலுத்தது. அமெரிக்காவில் 1972-இல் எட் ராபர்ட்ஸும் நண்பர்களும் பெர்க்லியில் அமைத்த மையம், ஊனமுற்றவருக்கு ஊனமுற்றவரே ஆலோசகர் என்ற முறையைப் பரப்பியது. தமிழ்நாட்டுக்கு அது ஏட்டுப் பாடமாக வரவில்லை. 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் இருப்பவர் நிறுவனத்தை நடத்துவதைக் கண்ணால் பார்க்கும் பெற்றோருக்குத் தனியாக எந்த உரையும் தேவைப்படவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் தன் பங்குக்கு, தன் சார்பில் பேசும் பிரதிநிதியைத் தானே நியமிக்கும் உரிமையை மனநோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. கூட வருபவர் இருக்கலாம். அவர் யார் என்பதை நோயாளியே சொல்லலாம்.

முதியவரையே ஆலோசகராக்கினால்? ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாரோடு அதைச் செய்தார். கிளினிக் வாசலில் ஒரு மரபெஞ்சு. ‘ரொம்ப யோசனை’ என்று மக்கள் தாங்களே சொல்லும் சொல்லால் மனச்சோர்வைப் பற்றிப் பேசுவது. 573 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-இல் நல்ல பலனைக் காட்டியது. போடியின் ஏலக்காய்க் கிடங்குகளில் காய் பொறுக்கும் மூதாட்டிகளை அறிந்தவர்களுக்கு அந்த பெஞ்சு அந்நியமாகத் தோன்றாது. ஊர்க் கதை முழுக்க அவர்களிடம் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2021-க்கான மதிப்பீடு 13.6. மூத்தோருக்கு 14567, மனநல உதவிக்கு 14416 என்று தொலைபேசி எண்கள் வந்துவிட்டன. போன் மகன் கையில் இருக்கும் வீட்டில் அவற்றால் பயன் குறைவு. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்கவும் இயன்முறைச் சிகிச்சைக்கும் வரும் பெண் ஊழியர், படுக்கையில் இருப்பவரைத் தனியே பார்க்கக் கிடைக்கும் அரிய ஆள். கவுன்சலிங் அவரது பணிப் பட்டியலில் முதலிடத்தில் இல்லை. ஆனாலும் கதவைச் சாத்திவிட்டுக் கால் மணி நேரம் பேசும் வாய்ப்பு அவருக்கே அமைகிறது.

2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்துக்கு வந்த திருத்தங்கள் ஊராட்சி முதல் மாநகராட்சி வரை உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்கின்றன. தேவாரத்திலோ கோம்பையிலோ அப்படி ஒருவர் கூட்டத்தில் உட்காரும்போது, உதவித்தொகை மனுவோடு வருபவர் தன் வீட்டுக் கஷ்டத்தையும் சேர்த்து அவரிடம் சொல்வார். அந்தப் பேச்சை எப்படிக் கேட்பது, எதை யாரிடம் அனுப்புவது, எதை வெளியே சொல்லக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பது இன்னும் முடிவாகாத விஷயம்.