சிந்தாமணியும் சௌஜன்யமும்

சமய வாதத்துக்குத் தமிழிலக்கியத்தில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. பௌத்தரை மறுக்கச் சமணர் நீலகேசியை இயற்றினர். அவ்விரு சமயத்தாரோடு இன்னும் பலரையும் மறுத்து அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை அருளினார். அறிவுக்குப் பெருவிருந்தாகிய அந்நூல்களின் பெருமையை யாரும் குறைத்துப் பேச இயலாது. ஆயினும், அவ்வாறு வாதிட்டவர்களின் வழிவழி வந்தோர், தத்தம் கொள்கையில் அணுவளவும் நெகிழாமலே, ஒருவர் இல்லத்துக்கு ஒருவர் சென்று ஐயம் கேட்டும் அன்போடு விளக்கியும் வாழ்ந்த சரித்திரம் அவ்வாதங்களைக் காட்டிலும் நம் நெஞ்சை உயர்த்த வல்லது என்பது என் துணிபு.

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அந்தாதி, கலம்பகம், புராணம் என்று ஐயர் தாம் கற்றவற்றை அடுக்கிச் சொல்லியும் வியப்படையாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவியதும், பின்பு பிரதியொன்றைக் கொடுத்து அதனைத் தமக்குப் பாடம் சொல்லும்படி வேண்டியதும் தமிழுலகம் நன்கறிந்த செய்திகள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றவருக்குச் செய்யுளின் போக்குத் தடையாகவில்லை. திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களில் இழைத்து வைத்திருந்த ஆருகத சமயத் தத்துவங்களும் அச்சமயத்துக்கே உரிய பரிபாஷைகளுமே அவரைத் திகைக்க வைத்தன. நச்சினார்க்கினியர் உரையோ, ஏற்கெனவே அறிந்தவர்களை நோக்கிப் பேசுவதாகவே பல இடங்களில் அமைந்திருந்தது.

கும்பகோணத்திலேயே ஜைனக் குடும்பங்கள் இருப்பதைக் கேள்வியுற்று, சந்திரநாத செட்டியார் என்பவரது இல்லத்துக்கு ஐயர் ஒருநாள் சென்றார். வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. ஏதோ விசேஷம் போலும் என்று எண்ணி விசாரித்தபோது, அவ்வீட்டில் படனம் செய்யப்பட்டு வந்த சிந்தாமணி அன்று பூர்த்தியாயிற்று என்று விடை கிடைத்தது! கல்லூரித் தமிழ்ப் பண்டிதர் பொருள் விளங்காமல் மயங்கிக் கொண்டிருந்த காவியம், அதே ஊரில் ஒரு குடும்பத்தாரின் பக்திக்கு உரியதாய், முடிவெய்திய நாளில் தோரணம் கட்டிக் கொண்டாடத் தக்கதாய், உயிரோடு விளங்கிற்று. அன்றுமுதல் ஐயர் அங்கே அடிக்கடி சென்று தம் ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர்களும் தங்கள் சமய நூல்களைக் கொண்டு சலிப்பின்றி விளக்கினார்கள். நாளடைவில் அவரைப் பவ்ய ஜீவன் என்றே அந்த ஜைன நண்பர்கள் சொல்லத் தலைப்பட்டனர். முத்தி பெறுதற்குரிய பக்குவம் வாய்ந்த உயிரை அவர்கள் அவ்வாறு வழங்குவது மரபு. தம் சமயத்தைத் தழுவாத ஒருவரைக் குறித்து அவர்கள் அவ்வாறு கூறினார்கள் என்பதைக் கருதும்போது உள்ளம் உருகுகிறது.

ஐயரின் விநயத்தைப் பலரும் போற்றியிருக்கின்றனர். எனக்கோ அந்த ஜைனர்களின் சௌஜன்யமே பெரிதாகத் தோன்றுகிறது. கேட்பவருக்கு லாபம் உண்டு. சொல்பவருக்கு என்ன உண்டு? சம்பந்தர் காலத்துக் கழுவேற்றக் கதையைச் சைவ உலகம் மறவாமல் போற்றிவரும் நாட்டில், எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகமாகச் சுருங்கிவிட்ட அவர்கள், நெற்றியில் திருநீறு துலங்கச் சைவ மடத்தின் வளர்ப்பாக வந்து நின்ற அந்தணரைக் கண்டு, இவர் நம் நூலைக் கற்று நம்மையே கண்டிக்கப் புகுவாரோ என்று ஐயுற்றுக் கதவைச் சாத்தியிருந்தாலும் அவர்களை நாம் குறைகூற இயலாது. ஆனால், கற்க வந்தவரின் முகத்தில் இருந்த ஆர்வத்தையே அவர்கள் கண்டார்கள்.

ஐயர் அங்ஙனம் சென்று நிற்பதற்கு வேண்டிய மனப்பண்பு அவருடைய ஆசிரியரின் சந்நிதியில் விளைந்தது என்றே சொல்ல வேண்டும். சைவத்தில் ஊறிய பிள்ளையவர்கள், கிறிஸ்தவராகிய சவராயலு நாயகருக்கும், இஸ்லாமியராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலருக்கும் பாடம் சொன்னவர். மாயூரத்தில் முன்சீபாயிருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளையிடம் கொண்ட நட்பின் காரணமாக அவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடியவர். ஐயர் தேடிய சிந்தாமணிப் பிரதிகளில் ஒன்று திருவாவடுதுறை ஆதீனத்திலேயே கிடைத்தது. சிந்தாமணியில் ஈடுபட்டிருந்த சோழ மன்னனைச் சிவகதையின்பால் திருப்பவே பெரிய புராணம் பாடப்பட்டது என்னும் வரலாற்றைப் பயபக்தியோடு ஓதும் மடத்தில், அதே சிந்தாமணி ஏடு அழியாமல் பாதுகாக்கப்பட்டிருந்தது.

சைவர் ஒருவர் சமண காவியத்தை அச்சிடுவதாவது என்று ஆட்சேபித்தவர்களும் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. ஐயர் அவர்களோடு வாது புரிந்துகொண்டிராமல், பிரதிகளை ஒப்பிடுவதிலேயே கருத்தைச் செலுத்தினார். நச்சினார்க்கினியரைப் பற்றியே ஒரு கர்ண பரம்பரைச் செய்தி உண்டு. அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஒப்புக்கொள்ளவில்லை என்றும், அதன்பின் அவர் ஆருகத நூல்களைக் கற்றுத் தெளிந்து உரையை மீண்டும் எழுதினார் என்றும் அது கூறும். அவ்வுரையாசிரியர் சென்றதாகச் சொல்லப்படும் வழியிலேயே, பல நூற்றாண்டுகளுக்குப் பின், பதிப்பாசிரியரும் சென்றார். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வெளிவந்தது.

அதன்பின் மணிமேகலையை ஆராயப் புகுந்தபோது வேறொரு சங்கடம் நேர்ந்தது. சிந்தாமணிக்குச் சந்திரநாத செட்டியார் வீடு வாய்த்ததுபோல, சென்று கேட்பதற்குப் பௌத்தர் இல்லம் ஒன்றும் அங்கே கிடையாது. அப்பொழுது கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த மளூர் ரங்காசாரியர், தாம் வைஷ்ணவராயிருந்தும், ஆங்கிலத்தில் வெளிவந்திருந்த பௌத்த நூல்களைப் படித்து அவற்றின் பொருளைத் தமிழில் எடுத்துரைத்து வந்தார். புத்தரின் தருமத்தை வைஷ்ணவர் சொல்லச் சைவர் கேட்டு எழுதிய குறிப்புக்களின் துணையோடு, சாத்தனாரின் காவியம் 1898இல் ஐயரின் அரும்பதவுரையுடன் வெளிவந்தது.