செய்தியறையில் பிறந்த ஜாங்கோ

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்றொரு பல்கலைக்கழக நகரம் உண்டு. அந்நகரின் நாளிதழான 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' தன் இணையப் பக்கங்களை நடத்துவதற்காக 2003இல் எழுதத் தொடங்கிய நிரல்களே இரண்டாண்டுகளில் ஜாங்கோ என்ற பெயரில் பொதுவுடைமையாயின. எந்த இணையச் செயலியும் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டிய வேலைகள் சில உள்ளன: வாசகரின் கோரிக்கையை வாங்குதல், தரவுத்தளத்தில் தேடுதல், கிடைத்ததைப் பக்கமாக வார்த்தல், வந்தவர் யாரென்று சரிபார்த்தல். இவற்றை ஆயத்தமாக வைத்திருந்து, புதிதாக எழுதுவோரின் உழைப்பை மிச்சப்படுத்தும் கருவித்தொகுப்பை வலைச் சட்டகம் என்பர். அதன் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தந்தால் அது திறமூலச் சட்டகம் ஆகிறது; ஜாங்கோ அத்தகையது. இத்தகைய தொகுப்புகளின் வரலாற்றை எந்தப் பதிப்பில் எந்த வசதி சேர்ந்தது என்ற பட்டியலாகவே பெரும்பாலும் எழுதிவிடுகின்றனர். ஜாங்கோவைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலைவிட, அதை உருவாக்கியோர் தமக்குள் நடத்திய வாதங்களே அதிகம் சொல்கின்றன. அவ்வாதங்களிலும், எதைச் சேர்ப்பது என்பதைக் காட்டிலும் எதை, எப்போது, யாருடைய தலையில் சுமை ஏற்றி நீக்குவது என்பதே அவர்களை மிகுதியாக அலைக்கழித்த கேள்வி.

அந்த நாளிதழில் பணியாற்றிய ஏட்ரியன் ஹோலோவாட்டியும், இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஓராண்டுப் பயிற்சிக்காக அங்கு வந்த சைமன் வில்லிசனும் பிஎச்பி மொழியில் எழுதிச் சலித்துப் பைதான் மொழிக்கு மாறியபோது, தமக்கு வேண்டிய அடித்தளத்தைத் தாமே கட்டினர். செய்தியறையின் காலக்கெடு மாதக் கணக்கில் அமைவதன்று, மணிக்கணக்கில் அமைவது. ஆகவே தரவின் அமைப்பை ஒருமுறை எழுதிவிட்டால், அத்தரவை உள்ளிடுவதற்கும் திருத்துவதற்குமான நிர்வாகப் பக்கத்தைச் சட்டகமே தானாக ஆக்கித்தர வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. நிரல் அறியாத நிருபர்களையும் உதவி ஆசிரியர்களையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட அந்த வசதி, பின்னாளில் ஜாங்கோவைப் பலர் தேர்ந்தெடுக்க முதற்காரணமாயிற்று. பின்னர் ஜேக்கப் கப்லான்-மாஸும் வந்து சேர்ந்தார். 2005 ஜூலையில், கட்டுப்பாடுகள் மிகக் குறைந்த பிஎஸ்டி உரிமத்தின் கீழ் நிரல் வெளியிடப்பட்டது. கித்தார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரை அதற்கு இட்டனர்.

பிறந்த இடத்தின் தழும்புகள் இன்னும் அந்நிரலில் தெரிகின்றன. ஆண்டு, மாதம், நாள் என்று பழைய பதிவுகளை அடுக்கிக் காட்டும் ஆயத்தப் பக்கங்கள் பத்திரிகையின் காப்பகத்துக்காகவே எழுந்தவை. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களை எழுத்தால் எழுதித்தரும் சிறு வடிகட்டி ஒன்று, அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக்கையேட்டைப் பின்பற்றுகிறது. நேர மண்டலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் சட்டகம் எடுத்துக்கொள்வது லாரன்ஸ் நகரம் பின்பற்றும் சிகாகோ நேரத்தை. புதிய திட்டம் தொடங்கும்போது உருவாகும் அமைப்புக் கோப்பில் உலகப் பொதுநேரம் என்று எழுதப்பட்டுவிடுவதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரு கட்டுரையின் வலை முகவரியில் இடம்பெறும் சுருக்கப் பெயருக்கு 'ஸ்லக்' என்று பெயர் வந்ததும் செய்தியறை வழக்கிலிருந்தே: அச்சுக்குப் போகும் செய்தியை அடையாளங்காண ஆசிரியர் குழு இடும் ஓரிரு சொல் குறிப்பெயர் அது; ஈய அச்சுக் காலத்துச் சொல்.

வெளியிட்ட சில மாதங்களிலேயே முதல் பெரும் வாதம் எழுந்தது. தொடக்கத்தில் ஜாங்கோ பல காரியங்களை நிரலாளர் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவந்தது. 'போல்' என்ற பெயரில் ஒரு தரவு வகையை எழுதினால், அதன் பெயரைப் பன்மையாக்கி, எங்குமே கோப்பாக இல்லாத ஒரு கூறை நினைவகத்தில் தானாக உருவாக்கி, தேடுவதற்கான செயற்கூறுகளை அதனுள் வைத்துவிடும். செய்தியறையின் நான்கைந்து பேருக்கு இது சுகமாக இருந்தது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கோ, தாம் எழுதாத ஒன்று எங்கிருந்து முளைத்தது என்று விளங்கவில்லை. வெளிப்படையாய் இருப்பதே மறைவாய் இருப்பதினும் மேல் என்று கருதும் பைதான் மரபுக்கும் அது ஒவ்வாதது. 'மாயம் நீக்கல்' என்றே பெயரிட்ட தனிக்கிளையில் மாதக்கணக்கில் வேலை நடந்து, 2006 மே மாதம் அது முதன்மை நிரலோடு இணைக்கப்பட்டு, ஜூலையில் 0.95 பதிப்பாக வெளிவந்தது. அதுவரை எழுதப்பட்டிருந்த செயலிகளின் தரவுத்தேடல் நிரல்கள் அனைத்தையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. பயனர்கள் குறைவாக இருக்கும்போதே முறித்துவிடுவது நல்லது என்ற முடிவு துணிச்சலானது, சரியானதும்கூட. இன்று ஜாங்கோவின் முகமாக அறியப்படும் தரவுத்தேடல் முறை, அதாவது கேள்வியை முதலில் கட்டிவைத்து விடை உண்மையாகத் தேவைப்படும்போது மட்டுமே தரவுத்தளத்தை அணுகும் முறை, அந்த முறிவின் பயனே.

அடுத்து வந்த வாதம் பாதுகாப்பைப் பற்றியது. வாசகர் ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுத்துக்குப் பதிலாகச் சிறு நிரலொன்றை இட்டுவிட்டால், அது பக்கத்தோடு கலந்து அடுத்த வாசகரின் உலாவியில் ஓடிவிடக்கூடும். இதைத் தடுக்க, கோணக்குறி போன்றவற்றைத் தீங்கற்ற வடிவுக்கு மாற்றியே அச்சிட வேண்டும். அம்மாற்றத்தை ஒவ்வோர் இடத்திலும் எழுதுபவரே நினைவாகச் செய்ய வேண்டும் என்பது பழைய நிலை. தானாகவே செய்து, வேண்டாத இடத்தில் மட்டும் விலக்கச் சொல்லலாம் என்று வில்லிசன் முன்வைத்த யோசனைக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை: வார்ப்புருக்கள் எச்டிஎம்எல் பக்கங்களுக்கு மட்டுமல்ல, மின்னஞ்சலுக்கும் சாதாரண உரைக்கும்கூடப் பயன்படுபவை; ஏற்கெனவே மாற்றப்பட்ட எழுத்து இரண்டாம் முறையும் மாறிக் குழம்பும்; ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் உடையும். நீண்ட இழுபறிக்குப் பின் 2007 நவம்பரில் தானியங்கு மாற்றமே இயல்புநிலை ஆனது. மறதி மனித இயல்பு என்பதை ஒத்துக்கொண்ட முடிவு அது. ஜாங்கோவின் பாதுகாப்புக்கு இருக்கும் நற்பெயரில் பெரும்பங்கு இதற்கு உரியது.

வார்ப்புரு என்பது பக்கத்தின் நிலையான பகுதிகளையும், தரவு வந்து அமர வேண்டிய இடங்களையும் குறிக்கும் கோப்பு. அதை வடிவமைப்பாளர்களே எழுதுவர் என்பதால், அதனுள் நிரல் தர்க்கம் நுழையக்கூடாது என்று நிறுவனர்கள் பிடிவாதமாக இருந்தனர். அதன் விளைவாக, இரண்டு மதிப்புகள் சமமா என்று நேரடியாகக் கேட்கவே வழியில்லை. 'இஃப்ஈக்வல்' என்ற தனிக் குறிச்சொல்லை நாட வேண்டியிருந்தது. ஒன்று மற்றதைவிடப் பெரிதா என்று கேட்பதற்கோ அதுவும் இல்லை. கொள்கையின் பெயரால் எளிய வேலை கடினமாக்கப்படுகிறது என்ற முறையீடு ஆண்டுக்கணக்கில் ஒலித்தபின், 2010 மே மாதம் வந்த 1.2 பதிப்பில் ஒப்பீட்டுக் குறிகள் அனுமதிக்கப்பட்டன. வேண்டாததாகிவிட்ட 'இஃப்ஈக்வல்' உடனே போய்விடவில்லை. அதைக் கைவிடப்போவதாக 2020இல் அறிவித்து, 2021 டிசம்பரில் 4.0 பதிப்பில்தான் நீக்கினர்.

இந்தப் பதினோரு ஆண்டுப் பொறுமை எங்கிருந்து வந்தது என்பதற்கு 1.0 பதிப்பின் கதையைப் பார்க்க வேண்டும். 2008 செப்டம்பர் 3 அன்று அது வெளிவந்தபோது, வெளிப்படையாக ஆவணப்படுத்தப்பட்ட எதையும் முன்னறிவிப்பின்றி மாற்றுவதில்லை என்ற வாக்குறுதி அதனோடு சேர்ந்து வந்தது. நீக்க வேண்டியதை முதலில் 'கைவிடப்படவுள்ளது' என்று குறித்து, எச்சரிக்கை தந்து, பதிப்புகள் சில கடந்த பிறகே எடுப்பது என்ற ஒழுங்கு அதன்பின் நிலைபெற்றது. அப்பதிப்பு வெளியான சில நாள்களிலேயே கலிஃபோர்னியாவில் கூகுள் வளாகத்தில் கூடிய முதல் ஜாங்கோ மாநாட்டில், ஃபிளிக்கர் தளத்தின் கால் ஹென்டர்சன் தாம் ஜாங்கோவை ஏன் வெறுக்கிறார் என்ற தலைப்பில் பேசினார். நகைச்சுவை தோய்ந்த அப்பேச்சில், ஒரே தரவுத்தளத்தைத் தவிர வேறொன்றோடு பேசத் தெரியாத சட்டகத்தைக் கொண்டு பெருந்தளங்களை நடத்த முடியாது என்ற குற்றச்சாட்டு கூர்மையானது. தம்மை வெறுப்பதாகச் சொல்பவரைத் தலைமையுரைக்கு அழைத்த அந்தச் சபையைப் பாராட்டத்தான் வேண்டும். பல தரவுத்தளங்களுக்கான ஆதரவு 1.2 பதிப்பில் வந்து சேர்ந்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை என்பதும் உண்மை. நடக்காத ஆசைகளோடு வருவோரிடம் 'குதிரைக்குட்டி தர இயலாது' என்ற பொருளில் விளையாட்டாக மறுக்கும் வழக்கம் வளர்ந்து, கடைசியில் இறக்கை முளைத்த இளஞ்சிவப்புக் குதிரைக்குட்டியே ஜாங்கோவின் அதிகாரப்பூர்வமற்ற சின்னமாகிவிட்டது.

மறுப்பதும் தாமதிப்பதும் எப்போதும் பிழையல்ல என்பதற்குத் தரவுத்தள மாற்றக் கருவி சான்று. செயலி வளர வளர அட்டவணைகளின் அமைப்பும் மாற வேண்டும்; உள்ளிருக்கும் தரவு அழியாமல் அம்மாற்றங்களை வரிசையாகச் செய்யும் வேலையை 'மைக்ரேஷன்' என்பர். 2008 மாநாட்டிலேயே இதற்குப் போட்டிக் கருவிகள் பல இருந்தன. ஒன்றைத் தேர்ந்து உள்ளே சேர்க்காமல், அவை வெளியிலேயே மோதிப் பக்குவப்படட்டும் என்று மையக்குழு விட்டுவைத்தது. ஆண்ட்ரூ காட்வின் எழுதிய 'சவுத்' வென்றது. அதன் அனுபவத்தைக் கொண்டு புதிதாக ஒன்றைச் சட்டகத்தின் உள்ளேயே எழுத 2013இல் அவர் பொதுமக்களிடம் 2,500 பவுண்டு கேட்டார். சேர்ந்ததோ 17,000 பவுண்டுக்கு மேல். அக்கருவி 2014 செப்டம்பரில் 1.7 பதிப்பில் இடம்பெற்றது.

அதிகாரம் யாரிடம் என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடியது. ஹோலோவாட்டியும் கப்லான்-மாஸும் திறமூல உலகின் பாதி விளையாட்டான வழக்கப்படி 'ஆயுட்காலக் கருணைமிகு சர்வாதிகாரிகள்' என்று அழைக்கப்பட்டனர். தீராத வாதங்களில் அவர்கள் சொல்லே முடிவு. 2014 ஜனவரியில் இருவரும் அப்பொறுப்பைத் துறந்தனர். நன்கொடையால் இயங்கும் ஜாங்கோ அறக்கட்டளை, வந்து குவியும் வழுப் புகார்களைத் தரம்பிரிக்கவும் திருத்தங்களைச் சோதிக்கவும் அதே ஆண்டு ஊதியத்துக்கு ஆள் அமர்த்தியது. ஆர்வலர்கள் விரும்பிச் செய்வது புதுமையை. அலுப்பூட்டும் அன்றாட வேலை சம்பளம் இல்லாமல் நடப்பதில்லை என்பதை நாணாமல் ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது. அதன் மறுவிளைவாக, மையக்குழு என்ற பட்டம் பெற்ற பலர் நிரலைத் தொடாமலே இருக்க, வேலை செய்பவர்கள் பட்டமின்றி இருந்தனர். 2020 மார்ச்சில் மையக்குழுவே கலைக்கப்பட்டு, பிறரது திருத்தங்களை இணைப்போர், பதிப்பை வெளியிடுவோர் என்ற எளிய பொறுப்புகளும், தேர்ந்தெடுக்கப்பட்ட தொழில்நுட்பக் குழுவும் எஞ்சின.

எழுத்துமுறைகளின் பன்மை ஜாங்கோவுக்குச் செய்தியறை கற்றுத்தராத பாடம். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் அடங்கும். யுடிஎஃப்-8 குறியேற்றத்திலோ தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வேண்டும், ஆகையால் பைட்டுகளை எண்ணித் தலைப்பைச் சுருக்கும் நிரல் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மால்கம் டிரெட்னிக் 2007 ஜூலையில் உட்புறம் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றி இந்த இக்கட்டைத் தீர்த்தார். 2013இல் மறைந்த அவர் பெயரால் அறக்கட்டளை ஆண்டுதோறும் பரிசு வழங்குகிறது. சட்டகத்தோடு வரும் மொழிபெயர்ப்புகளில் தமிழும் உண்டு. ஆனால் செய்தியறையின் ஸ்லக் மட்டும் இன்னும் முழுமையாக வழிக்கு வரவில்லை. இயல்புநிலையில் அது ஆங்கிலமல்லாத எழுத்துகளைக் களைந்துவிடுவதால், தமிழ்த் தலைப்பைக் கொடுத்தால் வெற்றுச் சரமே மிஞ்சும். 2015 டிசம்பரில் 1.9 பதிப்பில் பிறமொழி எழுத்துகளை ஏற்கும் விருப்பத்தேர்வு சேர்ந்தது. அந்தத் தேர்வை இயக்கினாலும், எது எழுத்து என்று தீர்மானிக்கும் பைதானின் விதி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை என்பதால், 'தமிழ்' என்ற சொல் 'தமழ' என்றே முகவரியில் விழுகிறது. தமிழில் தளம் நடத்துவோர் இதற்கென்று சொந்தமாக ஒரு செயற்கூறு எழுதிக்கொள்கின்றனர்.