மேன் தீவில் ஓடிய முதற் பெண்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கிடப்பது மேன் தீவு. அங்கே 1907-இல் தொடங்கிய டூரிஸ்ட் டிராபி மோட்டார் சைக்கிள் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. மக்கள் புழங்கும் சாலையே பந்தயத் தடம்; அதன் மலைச் சுற்று ஒன்று 37 மைலுக்கும் அதிகம். கல்மதிலும் வளைவும் நிறைந்த அத்தடத்தில் உயிரிழந்தோர் பலர்.

1954-இல் ஸ்டோல் என்னும் ஜெர்மானியப் பெண் பக்கவண்டியில் துணையாளராக அங்கே பங்குகொண்டார். ஆயினும், தாமே தனி வண்டி ஓட்டிய முதற் பெண் லண்டனைச் சேர்ந்த பெரில் சுவெய்ன் அம்மையாரே. 1962-இல் 50 சி.சி. பிரிவில், இட்டாம் என்னும் சிறு வண்டியில் அவர் இறங்கினார். இரண்டே சுற்று. இரண்டாவதில் உயர் கியர் பழுதுபட்டது. விடாது ஓட்டி 22-ஆவது இடத்தில் முடித்தார்.

பின்னர் அவருடைய பன்னாட்டு உரிமம் பறிக்கப்பட்டது. பெண்ணுக்கு இவ்விளையாட்டு ஆபத்தானது என்பது காரணம். அதே ஆண்டு அதே தீவில் டாம் பில்லிஸ் என்னும் ஆஸ்திரேலிய வீரர் பந்தயத்திலேயே மாண்டார். அதற்காக ஆடவர் எவரையும் விலக்கினாரில்லை. ஆபத்து பெண்ணுக்கு மட்டும்தானா? பாதியில் நின்றிருந்தால் கேலியோடு போயிருக்கும். முடித்ததுதான் குற்றமாயிற்று போலும்!

1978-இல் ஹிலாரி மஸ்ஸன் அத்தடத்தில் தனி வண்டி ஓட்டினார். இடையில் கழிந்தவை 16 ஆண்டுகள். 2018-இல் ஸ்பெயின் நாட்டு ஆனா கர்ராஸ்கோ, ஆடவரோடு போட்டியிட்டு, சூப்பர்ஸ்போர்ட் 300 பிரிவில் உலக வாகை சூடினார். சுவெய்ன் அம்மையார் அதனைக் காணவில்லை; 2007-இலேயே மறைந்துவிட்டார்.