வயலில் கண்டிப்பு, ஆலையில் தளர்வு: நார்க்கஞ்சா ஒழுங்குமுறையின் பிழை

ஹெம்ப் எனப்படும் நார்க்கஞ்சாவும் போதைக்குப் பயன்படும் கஞ்சாவும் கன்னாபிஸ் சட்டைவா என்ற ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. டி.எச்.சி. என்னும் வேதிப்பொருளின் அளவைக் கொண்டே சட்டம் இவற்றைப் பிரிக்கிறது. உலர் எடையில் 0.3 விழுக்காட்டுக்கு மேல் டெல்டா-9 டி.எச்.சி. இல்லாத பயிரை 2018ஆம் ஆண்டின் அமெரிக்க வேளாண் சட்டம் கட்டுப்பாட்டுப் பொருள்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே ஆண்டில் வணிகச் சாகுபடிக்கு உரிமம் வழங்கிய உத்தரகாண்டும் இதே அளவை ஏற்றது. இந்த எண்ணை உழவரிடம் கண்டிப்பாகவும் பதப்படுத்துவோரிடம் தளர்வாகவும் பயன்படுத்தியதே அமெரிக்க ஒழுங்குமுறையின் அடிப்படைப் பிழை. இந்திய மாநிலங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

0.3 என்ற எண் போதையை அளந்து கண்டறியப்பட்டதன்று. எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் க்ரான்க்விஸ்ட் ஆகிய தாவரவியலாளர்கள் 1976இல் இத்தாவரத்தின் துணையினங்களை வகைப்படுத்தியபோது, ஒரு கோடு தேவை என்பதற்காக அதைத் தேர்ந்தார்கள். அது தாங்களாக வரைந்த கோடு என்பதையும் மறைக்கவில்லை. இன்னொரு செய்தி பலர் கவனத்துக்கு வராதது. அவர்கள் அந்த அளவை இளம் இலைகளுக்குச் சொன்னார்கள். இன்றைய ஆய்வகங்களோ டி.எச்.சி. மிகுதியாகத் திரளும் பூங்கொத்தைச் சோதிக்கின்றன. இலைக்கு வகுத்த அளவைப் பூவுக்குப் பொருத்தும்போது வரம்பு சத்தமின்றி இறுகிவிடுகிறது.

அமெரிக்க வேளாண் துறையின் 2021ஆம் ஆண்டு இறுதி விதிகளின்படி, பயிர் வளர்த்தவர் தாமே மாதிரி எடுத்து அனுப்ப முடியாது. அதற்கென நியமிக்கப்பட்ட முகவர் வயலுக்கு வந்து செடியின் நுனியில் 5 முதல் 8 அங்குல நீளம் வெட்டி எடுக்க வேண்டும். அதன்பின் 30 நாள்களுக்குள் அறுவடை முடிய வேண்டும். ஆய்வகம் அம்மாதிரியை உலர்த்தி அரைத்து, அமில வடிவில் உள்ள டி.எச்.சி.யையும் 0.877ஆல் பெருக்கிக் கூட்டுகிறது. மொத்தம் வரம்பைத் தாண்டினால் அந்தப் பயிரை அழிக்க வேண்டும். அல்லது பூக்களை நீக்கியோ முழுச் செடியையும் துண்டாக்கிக் கலந்தோ சீர்செய்ய வேண்டும். 1 விழுக்காட்டைத் தாண்டினால் அது கவனக்குறைவான மீறலாகலாம். ஐந்தாண்டில் மூன்று முறை அப்படி நேர்ந்தால், அடுத்த ஐந்தாண்டுகளுக்கு அவர் இப்பயிரை வளர்க்கவே முடியாது.

உழவரின் கவனத்தால் மட்டும் இதைத் தவிர்க்க முடியாது. இத்தாவரத்தின் மற்றொரு வேதிப்பொருளான சி.பி.டி.க்காக வளர்க்கும் வகைகளில் டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஏறத்தாழ 1:20 முதல் 1:30 வரையிலான விகிதத்தில் சேர்ந்தே ஏறுகின்றன. பூ முதிர முதிர இரண்டும் கூடும். நல்ல விளைச்சல் எடுத்த உழவரே வரம்பைத் தாண்டும் ஆபத்தில் நிற்கிறார் என்றால், குறை விதியில் இருக்கிறது.

ஆலையில் நிலைமை நேர்மாறு. வேளாண் துறையின் விதிகள் சாகுபடியோடு நின்றுவிடுகின்றன. கென்டக்கி போன்ற மாநிலங்கள் பதப்படுத்துவோருக்கும் உரிமம் கோரின; ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான கட்டுப்பாடு அமையவில்லை. அந்த இடைவெளியில், சட்டப்படி விளைந்த சி.பி.டி.யை அமிலத்தால் மாற்றி, டி.எச்.சி.யின் மற்றொரு வடிவமான டெல்டா-8 டி.எச்.சி.யைத் தயாரித்தார்கள். போதை தரும் மிட்டாய்கள் பெட்ரோல் நிலையக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. சட்டத்தின் சொற்கள் இதற்கு இடம் தருகின்றன என்று அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் கருதியது. 2025 நவம்பரில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் வரையறையைத் திருத்தி, நுகர்வோர் வாங்கும் ஒரு கொள்கலத்துக்கு 0.4 மில்லிகிராம் என்று மொத்த டி.எச்.சி.க்கு வரம்பிட்டது, அது நடைமுறைக்கு வர ஓராண்டு அவகாசமும் தந்தது. 2018க்கும் இதற்கும் இடையே ஏழாண்டுகள் ஓடிவிட்டன.

இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் டி.எச்.சி. விழுக்காடு எதையும் குறிப்பிடவில்லை. அதன் 14ஆம் பிரிவு, நார், விதை ஆகியவற்றுக்கும் தோட்டக்கலைக்கும் மட்டும் சாகுபடியை அனுமதிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021இல் நார்க்கஞ்சா விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக ஏற்று, விற்பனைப் பொருளுக்கே டி.எச்.சி. வரம்பு வகுத்தது. நுகர்வோரிடம் சேரும் பொருளை அளக்கும் இந்த அணுகுமுறைதான் சரியானது.

உத்தரகாண்டின் கர்வாலிலும் குமாவோனிலும் பாங் எனப்படும் கஞ்சா விதைச் சட்னி அன்றாட உணவு; தண்டின் நாரில் கயிறு திரிப்பதும் பழைய வழக்கம். அங்கே காட்டுக் கஞ்சா வழியோரமெல்லாம் முளைத்துக் கிடக்கிறது. மகரந்தம் காற்றில் வருவதால், ஒருவர் தம் வயலில் சேமித்த விதை அடுத்த பருவத்தில் அதே தன்மையோடு முளைக்கும் என்று சொல்ல முடியாது. அவரிடம் 0.3 விழுக்காட்டைக் கேட்பது, அண்டை மலைச்சரிவுக்கும் அவரையே பொறுப்பாக்குவதாகும். விதைக்கும் நாருக்கும் மட்டும் வளர்ப்பவர் பூவை விற்பதில்லை என்பதையும் இங்கே எண்ண வேண்டும். பூக்கள் கள்ளச் சந்தைக்குப் போகும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு நிலப்பதிவும், அறுவடையின்போது பூக்கழிவை எடைபோட்டு அழிப்பதும் போதிய காவலாகும்.

ஆகவே மாநிலங்கள் செய்ய வேண்டியவை தெளிவாக உள்ளன. குறைந்த டி.எச்.சி. உள்ள விதையை வேளாண் பல்கலைக்கழகங்கள் சான்றளித்துத் தர வேண்டும். சான்று விதையை விதைத்தவரின் பயிர் வரம்பு மீறினால் அது குற்றமாகக் கூடாது. இழப்பை அரசு ஏற்க வேண்டும். பிழிதல், பிரித்தல், வேதிமாற்றம் ஆகிய ஒவ்வொரு நிலைக்கும் ஆலை தனி உரிமம் பெற வேண்டும். இமாச்சலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்கள் வழியாகக் கஞ்சா சாகுபடி பற்றிய சோதனை ஆய்வுக்கு ஒப்புதல் தந்தது. உழவருக்கான விதிகளை எழுதுவதற்கு முன் ஆலைக்கான விதிகளை அம்மாநிலம் எழுதி வெளியிட வேண்டும்.